நாற்பத்து மூன்று ஊசிகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். தண்ணீர்ப் போத்தல் வைக்கும் அலுமாரிக்கு மேலே சுவரில் ஒரு காகிதம். கறுப்பு மார்க்கரில் "ஊசி எத்தனை?" என்று எழுதியிருக்கும். வீடியோ கேம்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆட்களைச் செய்து, அவர்களுக்கு உடுப்பும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஸ்டூடியோவில் ஊசிக்கு என்ன வேலை? என் பிரியாவிடை நாளிலும் ஒரு பிள்ளை கேட்டாள். அது பெரிய கதை என்று சொல்லிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டேன். கேக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதையைச் சொல்லாமல் வந்தது அன்றிலிருந்து என்னைக் குடைகிறது.

ஆகவே எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாத கதை இது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் பிழை விட்டவள் நான். வாசித்துவிட்டு, அக்கா எவ்வளவு நல்லவர் என்று யாராவது போனில் பூப் படம் அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் இருபத்திரண்டு வருடம் இரத்மலானைப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பேட்டர்ன் வெட்டினேன். சட்டையின் கை, கழுத்து, முதுகு ஒவ்வொன்றையும் அளவாகக் கடதாசியில் வெட்டிக் கொடுப்பது. அதை வைத்துத்தான் ஆயிரம் சட்டைக்குத் துணி வெட்டுவார்கள். அங்கே இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, தைக்கிற ஊசி உடைந்தால் அதன் கடைசித் துண்டு கிடைக்கும்வரை அந்த லைன் முழுவதும் நிற்க வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் கழுத்தில் அது குத்திவிடக் கூடாது என்பதற்காக முப்பது பேர் நிலத்தில் குந்தியிருந்து காந்தத்தால் தேடியிருக்கிறோம். இரண்டாவது, பையர் சொன்னால் சொன்னதுதான். உடுப்பு வாங்கும் வெளிநாட்டுக்காரரைத்தான் பையர் என்போம். அவர் அனுப்பிய படத்தில் பொத்தான் முதுகில் இருந்தால் அது முதுகில்தான். ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

அங்கே தரம் பார்ப்பதற்கு ஒரு சிங்கள அம்மா இருந்தார். அவர் ஒரு சட்டையையும் தொங்கவிட்டுப் பார்த்ததில்லை. யாராவது ஒருத்தியைக் கூப்பிட்டுப் போடச் சொல்வார். "வாடிவென்ன," என்பார். உட்கார வேண்டும். "அத்த உஸ்ஸன்ன," என்பார். கையைத் தூக்க வேண்டும். அக்குள் இழுத்தால் சட்டை என் மேசைக்குத் திரும்பி வந்துவிடும். நாங்கள் அதை ஃபிட் பார்ப்பது என்போம். எத்தனை தரம் அவரை மனதுக்குள் திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

தொழிற்சாலை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பழைய மாடி வீட்டில் இந்த ஸ்டூடியோ அப்போதுதான் தொடங்கியிருந்தது. முதலாளி ரிஸ்வான், தெஹிவளைக்காரர். யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார். "எங்கட பொடியன்மார் செய்ற துணியெல்லாம் நனஞ்ச கடதாசி மாதிரி ஈக்கிது அக்கா. துணி தெரிஞ்ச ஒராள் வேணும்," என்றார். கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது என்றேன். அதைப் பழக்கலாம், துணியைப் பழக்க ஏலாது என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நான் பதினாலு வருடம் வேலை செய்தேன்.

முதல் நாள் நிஷாந்தன் தன் வேலையைக் காட்டினான். ஓவியர் அணிக்கு அவன்தான் தலைவன். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவன், கெட்டிக்காரன், கெட்டிக்காரன் என்பது தனக்கும் தெரிந்தவன். திரையில் சேலை கட்டிய ஒரு பெண் நின்றாள்.

"உள்பாவாடை எங்க தம்பி?" என்றேன்.

"அது வெளியில தெரியாதே அக்கா. பிறகேன்?"

"அப்ப கொய்யக மடிப்பை எதில சொருகினனீர்? அவளை ஒருக்கா நடக்க விடும் பாப்பம்."

அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். அவள் நடந்தாள். சேலை நின்ற இடத்திலேயே நின்றது, அவள் மட்டும் அதற்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. நிஷாந்தனுக்கு முகம் சிவந்தது. "அதுக்கும் வழி இருக்கு அக்கா," என்று சொல்லி எனக்குக் கம்ப்யூட்டர் ஊசியைக் காட்டித் தந்தான்.

உங்களுக்கெல்லாம் அது தண்ணீர் பட்ட பாடு. எனக்கோ மந்திரம் மாதிரி இருந்தது. துணியில் ஒரு புள்ளியைத் தொட்டு, உடம்பில் ஒரு புள்ளியைத் தொட்டால் போதும். அந்த இடத்தில் துணி உடம்போடு ஒட்டி நிற்கும். புயல் அடித்தாலும் நகராது. தையற்காரர் அளவு பார்க்கும்போது தற்காலிகமாகக் குத்துகிறாரே, அதேதான். நான் அதில் விழுந்தேன். துணிக்குப் பாரமில்லை, வெட்டினால் வீண்போவதில்லை, பிழைத்தால் ஒரு பொத்தானில் பழையபடி வந்துவிடுகிறது. காலையில் எப்போது விடியும், எப்போது ஸ்டூடியோவுக்கு ஓடலாம் என்று இருந்தது. பஸ்ஸில் முன்னால் நிற்கிற பெண்ணின் முதுகில் எத்தனை தையல் என்று எண்ணிக்கொண்டே இறங்கும் இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

மூன்றாம் வருடம் அந்தப் பெரிய வேலை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மூன்று ஸ்டூடியோக்களுக்கு ஒரே பரீட்சை வைத்தது. ஒரு போர் கேமுக்குப் பெண் தளபதி ஒருத்தியைச் செய்து, வாள் வீசும் அசைவோடு அனுப்ப வேண்டும். வென்றால் இரண்டு வருடத்துக்கு வேலை. தோற்றால் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான், வேறு வேலை கையில் இல்லை. ரிஸ்வான் இதை ஒளிக்காமல் எங்கள் ஒன்பது பேரிடமும் சொன்னார். எங்களுக்குப் பயம் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது. ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கதைத்ததில் யார் என்ன சொன்னார் என்றே தெரியவில்லை.

அசைவுக்குத் தர்ஷினியைப் பிடித்தோம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, தகப்பன் துறைமுகத்தில் வேலை. செய்து முடித்த ஆட்களைத் திரையில் ஓட விட்டு, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது ஸ்டூடியோவில் அவளுடைய பொறுப்பு. பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியவள். இப்போதும் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் பதினாலு சிறுமிகளுக்கு வலைப்பந்து பழக்குகிறாள். மொட்டை மாடியில் கூட்டுகிற தும்புத்தடியை வாளாகப் பிடிக்கச் சொல்லி, இரண்டு கமராவால் படம் எடுத்தோம். கரையோர ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தினோம். ஒரு காலத்தில் விளையாட்டில் அவளுடைய இடது தோள் விலகியிருக்கிறது. அதனால் எதையும் வீசுவதற்கு முன் அந்தத் தோளை ஒருதரம் பின்னால் உருட்டுவாள். உருட்டிவிட்டு அவள் தும்புத்தடியைச் சுழற்றியபோது கமராவை மறந்து அவளையே பார்த்தோம். நிஷாந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான்: "அந்தத் தோளை வெட்டக் கூடாது. அதுதான் ஆள்."

தர்ஷினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே போய், ஒரு கேமில் வரப்போகிறேன், வந்ததும் காட்டுகிறேன் என்று பதினாலு பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உடுப்பின் படம் வந்தது. தளபதிக்குக் கீழே சண்டை போடுகிற ஆண்களுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரும்பு. அவர்களுக்குக் கட்டளையிடுகிறவளுக்கு மார்பில் இரண்டு தகடு, இடுப்பில் ஒரு முழத் துணி, ஒரு சாண் குதிகால் வைத்த சப்பாத்து. இவள் போருக்குப் போகிறாளா, கல்கிசையில் கடல் குளிக்கப் போகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பையர் சொன்னால் சொன்னதுதான். என் மண்டைக்குள் ஓடியது ஒரே கேள்வி: தோளில் பட்டி இல்லாத இந்தத் தகட்டை எப்படி நிற்க வைப்பது?

எப்படி என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். குத்தினேன். தகட்டைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, தொடையில், முதுகில். ஒவ்வொன்றும் சரியான இடத்தில். அவள் குதித்தாலும் சுழன்றாலும் ஒரு நூலும் நகரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு திறமாக நான் எதையும் செய்ததில்லை என்று நினைத்தேன். நிஷாந்தன் கை தட்டினான். கிளையன்டுக்கு முன்னோட்டம் அனுப்பியபோது, மிக நன்று, நடையில் இடுப்பு இன்னும் கொஞ்சம் ஆடட்டும், கமராவைக் கீழே இறக்குங்கள் என்று பதில் வந்தது. நிஷாந்தன் ஆட்டினான், இறக்கினான்.

வெள்ளிக்கிழமை பரீட்சைக்குக் கடைசி நாள். திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துத் தர்ஷினியிடம் சோதிக்கக் கொடுத்தோம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது என் தோள்," என்றாள்.

"ஓம் பிள்ளை. வடிவா வந்திருக்கு."

"நடை என்னோடது இல்ல. நான் இப்படி நடக்க மாட்டேன். ஆனா தோள் என்னோடது. எங்க புள்ளைங்க பாத்த உடனே கண்டுபிடிச்சிருவாங்க. அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தி விளையாட வரும்போது காச்சட்டையை முழங்கால் வரைக்கும் இழுத்து இழுத்து விடுவா. ரோட்டுல பசங்க ஏதாவது சொல்லுவாங்கனு. அவளுக்குத்தான் நான் சொன்னேன், உடம்பை நினைக்காத, பந்தை நினை அப்படின்னு. இப்ப இதைக் காட்டி நான் என்னா சொல்றது?"

அவள் பரிசோதகர் அல்லவா, அடுத்த கேள்வியை நேராகவே கேட்டாள்.

"இந்த உடுப்பு எப்படிக்கா நிக்குது?"

"ஊசி போட்டிருக்கு."

"எத்தனை?"

எண்ணினேன். "நாப்பத்து மூண்டு."

"எதுல குத்தியிருக்கீங்க?"

"தோலில," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒரே ஒரு ஊசித் துண்டுக்காக நிலத்தில் குந்தித் தேடியவள் நான். இந்தப் பிள்ளையின் தோளைச் சுமந்து நிற்கிற ஒருத்தியின் தோலில் நாற்பத்து மூன்றைக் குத்திவிட்டு, அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கு இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தர்ஷினி ரிஸ்வானிடம் போய், தன் அசைவை எடுத்துவிடச் சொன்னாள். ரிஸ்வான் தலையில் கை வைத்தார். இன்னும் நாலு நாள். அசைவு இல்லாவிட்டால் பரீட்சையே இல்லை, வேறு ஆளை வைத்து எடுக்க நேரமும் இல்லை. நிஷாந்தன் எழுந்து வந்தான்.

"உலகம் முழுக்க இப்பிடித்தான் செய்யினம் அக்கா. விளையாடுற ஆக்கள் இதைத்தான் கேக்கினம். கேம்தானே."

இங்கேதான் என் இரண்டாவது பிழை. நான் கத்தினேன். உமக்கு வெட்கமில்லையா, உம்முடைய தங்கச்சியை இப்படி நிப்பாட்டுவீரா என்று அவனைக் கிழித்துவிட்டேன். அவன் துபாயில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இந்த ஸ்டூடியோவை நம்பி நின்றவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வசனம் சொன்னான்.

"நீங்கள்தானே அக்கா தைச்சனீங்கள்."

வலித்தது, ஏனென்றால் உண்மை. பிள்ளைகளே, நீங்களும் ஒருநாள் ஒரு அறையில் கோபத்தோடு நிற்பீர்கள். அப்போது முதலில் உங்கள் கையைப் பாருங்கள். அதில் ஊசி இருந்தால் பிரசங்கம் எடுபடாது.

"ஓம்," என்றேன். "நான்தான் தைச்சனான். தைச்சால் ஃபிட் பாக்க வேணும். நான் பாக்கேல்லை. நாளைக்குப் பாப்பம். நிஷாந்தன், நீர்தான் போடுறீர்."

"நானோ?"

"உமக்குத்தானே இது சரியெண்டு படுது."

மற்றவர்கள் மேசையில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மேல் அவனால் மறுக்க முடியவில்லை, ரோசக்காரன்.

அன்று பின்னேரமே காலி வீதிக் கடைகளில் ரெஜிபோர்ம் என்கிற தடித்த நுரை அட்டையும் பளபளக்கும் தாளும் சிவப்புத் துணியும் வாங்கினேன். கிளையன்டின் படத்தில் இருந்த அதே வெட்டு, அதே விகிதம், அளவு மட்டும் நிஷாந்தனுடையது. குதிகாலுக்கு மரக்கட்டை இரண்டை அவனுடைய பழைய சப்பாத்தில் ஒட்டினேன். படத்தில் இருந்த மெல்லிய முதுகு நாடாவைத் தவிர, ஊசிக்குப் பதிலாக உடம்போடு ஒட்டுவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. வைக்க என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை ரிஸ்வானும் நாங்கள் ஒன்பது பேரும் மொட்டை மாடியில். நிஷாந்தன் தன் டி-சேர்ட்டுக்கும் காற்சட்டைக்கும் மேலே அதைப் போட்டுக்கொண்டு வந்தான். முதலில் அவனே சிரித்தான், கமராவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக் காட்டினான். நான் தொழிற்சாலைச் சிங்கள அம்மாவின் குரலில் சொன்னேன்: "வாடிவென்ன." உட்கார்ந்தான். தகடு எழும்பித் தொண்டையில் இடித்தது. "அத்த உஸ்ஸன்ன." தும்புத்தடியைத் தூக்கினான். இடது தகடு முதுகுக்குப் போய்விட்டது. தர்ஷினி முன்னால் நின்று தன் வாள்வீச்சைக் காட்டினாள். அவன் அதைச் செய்யப் பார்த்து, கட்டைக் குதிகால் மடங்கி, பின்பக்கமாக விழுந்தான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ரிஸ்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. வெள்ளவத்தை ஸ்டேசனை நெருங்குகிற ரயில் மெல்லத்தான் வரும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு எங்கள் மாடி நன்றாகத் தெரியும். ஒருவன் விசிலடித்தான். பிறகு பெட்டி பெட்டியாக விசில். "ஹலோ நங்கி!" என்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, ஒருவன் கத்தினான். இன்னொருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான்.

நிஷாந்தன் நிலத்தில் கிடந்தபடியே சிவப்புத் துணியை முழங்காலுக்கு இழுத்தான். உள்ளே முழுக் காற்சட்டை போட்டிருக்கிறான், இழுக்கத் தேவையே இல்லை. ஆனாலும் இழுத்தான். இழுத்த பிறகு தன் கையைப் பார்த்தான். தர்ஷினியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. ரயில் போன பிறகு, "ரயில் போக ரெண்டு நிமிசம்கூட இல்லை, அதுக்கே இப்பிடி," என்று மட்டும் சொல்லி எழுந்து உள்ளே போனான்.

கீழே வந்ததும் என் கம்ப்யூட்டரில் நாற்பத்து மூன்று ஊசியையும் கழற்றினேன். அசைவை ஓட விட்டேன். மூன்றாவது அடியில் தளபதியின் உடுப்பு தரையில் கிடந்தது. உடனே திரையை அணைத்தேன்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கிளையன்டுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதலாம் என்றாள் ஒருத்தி. நான் வேண்டாம் என்றேன். பெண்களை மதியுங்கள் என்று பையருக்குக் கடிதம் எழுதினால் அவர் நன்றி சொல்லி மற்ற ஸ்டூடியோவுக்குப் போவார். நாங்கள் உடுப்புக்காரர், உடுப்பால்தான் பேச வேண்டும். அதே நிறம், அதே சின்னம், அதே தலைமுடி, ஆனால் ஒரு ஊசியும் இல்லாமல் நிற்கிற உடுப்பு. பழையதையும் சேர்த்து இரண்டையும் அனுப்பலாமா என்று ரிஸ்வான் கேட்டார்.

"ரெண்டையும் அனுப்பினா பழசைத்தான் எடுப்பாங்க," என்றாள் தர்ஷினி. "புதுசுக்கு மட்டும் என் அசைவைத் தர்றேன் சேர். பழசுக்குத் தர மாட்டேன்."

"அவங்க வேணாம்னு சொன்னா நாங்க மூடணும். வெளங்குதா?"

"வெளங்குது. எனக்கும்தான் வேலை போகும்."

ரிஸ்வான் ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து வியாபாரியின் குரலில் சொன்னார்: "மத்த ரெண்டு ஸ்டூடியோவும் அந்தப் படத்த அப்படியே செஞ்சிட்டு ஈப்பாங்க. நாங்களும் செஞ்சா மூணாவது ஆள். இத அனுப்பினா நாங்க மட்டும் வேற. ஒண்ணே ஒண்ணு அனுப்புவோம் அக்கா. செய்ங்க."

அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் கை துறுதுறுக்கிறது. உள்ளே கனத்த துணி அங்கி, மேலே தகடு. தோளில் ஒன்றன் மேல் ஒன்று சறுக்கும் மூன்று தகடு. சப்பாத்துக்குத் தட்டைக் குதி. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் அக்குள். கையைத் தூக்கினால் அங்கி முழுவதும் மேலே வரக் கூடாது, தோளை உருட்டினால் மடிப்பு விழக் கூடாது. அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு வைத்து வெட்டினேன். சரிவரவில்லை. திரும்ப வெட்டினேன். உள்ளங்கை அளவுத் துண்டு, அது மட்டும் இரண்டு நாளைத் தின்றது. பக்கத்தில் நிஷாந்தன் தான் ஆட்டிவிட்ட இடுப்பை எடுத்துவிட்டு, தர்ஷினியின் சொந்த நடையைத் திருப்பி வைத்தான். கமராவை யாரும் சொல்லாமலே மேலே ஏற்றினான். நாங்கள் இருவரும் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒரு தரம் எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தான், நான் அவனுக்கு வடையில் பாதியைக் கொடுத்தேன்.

நீங்கள் என்னைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. முதுகு முழுக்கத் திறந்த சேலைச் சட்டை நான் எத்தனையோ பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதைப் போடுகிறவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கையைத் தூக்கி, திரும்பி, தனக்குப் பிடித்தால்தான் வாங்கிக்கொண்டு போவாள். அவளிடம் ஊசி தெரியாமல் குத்த முடியாது, கத்துவாள். கேமில் இருப்பவள் கத்த மாட்டாள். அதனால் அவளுக்காக நாங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம் நாலு முகங்கள், இந்தப் பக்கம் ஒரே மேசையில் ரிஸ்வானோடு பத்துப் பேர். படத்தை ஓட விட்டோம். தளபதி நடந்தாள், தோளை உருட்டினாள், வாளைச் சுழற்றினாள். அங்கி அவளோடு சேர்ந்து திரும்பியது. படம் முடிந்தது.

"நான் அனுப்பிய படத்தை ஏன் மாற்றினீர்கள்?" என்று அவர்களுடைய இயக்குநர் கேட்டார்.

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நிஷாந்தன் பேசினான்.

"நான் அதைப் போட்டுப் பார்த்தேன்."

"எதை?"

"நீங்கள் வரைந்த உடுப்பை." சொல்லிவிட்டு, யாரிடமும் கேட்காமல், மொட்டை மாடி வீடியோவை ஓட விட்டான். தான் உட்கார்ந்தது, தகடு முதுகுக்குப் போனது, விழுந்தது, விசில், துணியை இழுத்தது வரை. ஓர் இடத்திலும் வெட்டவில்லை. அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. இயக்குநரும் சிரித்தார். கடைசிக் காட்சியில் சிரிப்புக் குறைந்தது.

"அப்படியென்றால் நீங்கள் முதலில் அனுப்பியதில் அது எப்படி நின்றது?" என்று கேட்டார்.

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். என் இங்கிலீஷ் ஆடைத் தொழிற்சாலை இங்கிலீஷ். "நாற்பத்து மூன்று ஊசி சேர்," என்றேன். "அவளுடைய தோலில். நான்தான் குத்தினேன். பிழை."

இயக்குநருக்குப் பக்கத்தில் இருந்த பெண், சண்டை அசைவுகளுக்குப் பொறுப்பானவர், முன்னால் சரிந்தார். "அந்தத் தோளை இன்னொரு தரம் காட்டுங்கள்," என்றார். காட்டினோம். இன்னொரு தரம் கேட்டார். ஐந்து தரம் காட்டியிருப்போம். மேசைக்குக் கீழே தர்ஷினி என் கையைப் பிடித்த பிடியில் என் காப்பு நெளிந்துவிட்டது.

பதில் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. ரிஸ்வான் அதை வாசித்துவிட்டுக் கதிரையில் ஏறி நின்றார், எடையுள்ள மனிதர், கதிரை பாவம். வேலை எங்களுக்கு. புதிய உடுப்பு அப்படியே இருக்கட்டும். அதோடு இன்னொரு வரி: ஆண் வீரர்களும் தங்கள் இரும்பு உடுப்பில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல்தான் இருக்கிறார்களாம், இவ்வளவு நாளும் ஒருவரும் கவனிக்கவில்லையாம், அவர்களுக்கும் அந்த அக்குள் துண்டை வைத்துத் தர முடியுமா? நான் கூத்தாடினேன். அறுபது வீரருக்கு அக்குள் துண்டு வெட்டியவள் இலங்கையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லாம் வென்றுவிட்டோம் என்று சொல்ல வரவில்லை. கேம் வெளிவந்தபோது விளம்பரப் படத்தில் அவளுக்குக் குதிகால் உயர்ந்துதான் இருந்தது, அதை வேறு யாரோ செய்தார்கள். அதற்குப் பிறகும் அதே மாதிரிப் படங்கள் வந்தன. சிலதை மாற்ற முடிந்தது, சிலதை முடியவில்லை, இரண்டை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். பதில் வந்த செவ்வாய்க்கிழமை நிஷாந்தன் எழுதி ஒட்டியதுதான் சுவரில் இருக்கும் காகிதம். அன்றிலிருந்து இந்த ஸ்டூடியோவில் ஒரு உடுப்பைக் கொடுக்கும்போது அதில் எத்தனை ஊசி மிச்சம், ஒவ்வொன்றும் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஊசி கூடாது என்றில்லை. எண்ணாமல் விடக் கூடாது.

கேம் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை தர்ஷினி என்னையும் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப் போனாள். பயிற்சி முடிந்து பதினாலு பிள்ளைகளும் வியர்வையோடு ஒரு மடிக்கணினியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தான் யாராக வருகிறேன் என்று தர்ஷினி சொல்லவில்லை, கண்டுபிடியுங்கள் என்று மட்டும் சொன்னாள். படைகள் வந்தன, குதிரைகள் வந்தன, தளபதி வந்தாள். இடது தோளைப் பின்னால் உருட்டினாள்.

"மிஸ், இது நீங்க," என்றாள் ஒருத்தி. காற்சட்டையை முழங்காலுக்கு இழுத்து இழுத்து விடுகிறவள் அவள்தான் என்று தர்ஷினி பிறகு சொன்னாள். அந்த நேரம் அவள் எதையும் இழுக்கவில்லை. பந்தை எடுத்தாள், இடது தோளை அதே மாதிரி ஒருதரம் உருட்டினாள், மைதானத்தின் மற்றப் பக்கத்துக்கு எறிந்தாள். உடனே பதினாலு பேரும் தோளை உருட்டத் தொடங்கிவிட்டார்கள். தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள், நான் வெளிப்படையாகவே அழுதேன்.

ஒன்றைக் கவனித்தேன். அந்த உடுப்பைப் பற்றி ஒரு பிள்ளைகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவர்கள் கண்ணில் படவே இல்லை. முப்பத்தாறு வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், திரும்பி வரும்போது பஸ்ஸில் கொஞ்சம் கோபம் வந்தது. அந்த அக்குளுக்கு மட்டும் இரண்டு நாள்.